அப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை என்ற சகோதரிக்கு

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு மூன்று முறை படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். உங்களுக்கு 36 வயது. வீட்டில் மூன்றாவது பெண். இந்தத் தடவையாவது பையன் என்று காத்திருந்த வீட்டில் பிறந்ததால் அப்பா உங்களிடம் ஒரு நாளும் முகங்கொடுத்துப் பேசியதில்லை. காலை 4 மணி ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், தசமபாகம் எதையும் நீங்கள் விட்டதில்லை. ஆனாலும் முழங்கால் போட்டதும் ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே நிற்கிற மாதிரிதான் இருக்கிறது, 'பிதாவே' என்று சொல்ல முடிகிறது, 'அப்பா' என்று வாய் வரவில்லை என்கிறீர்கள். 'தேவனுடைய அன்பைப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று மேடையில் சொல்கிறவர்கள் அதை எப்படிப் பெற்றுக்கொள்வது என்று சொல்வதில்லை. சாட்சி நேரத்தில் விசா கிடைத்தது, வீடு கிடைத்தது, எல்லாம் தேவ தயவு என்று மற்றவர்கள் சொல்லக் கேட்கும்போது, அவர்களுக்கு அவர் அப்பா, எனக்கு முதலாளி என்று தோன்றுகிறது. என் விசுவாசமே பொய்யா என்று கேட்கிறீர்கள். கடைசியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதம் வந்த அப்பாவை இப்போது நீங்கள்தான் முகம் துடைத்து, கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொள்கிறீர்கள். மனதில் பாசம் இல்லாமல் இதைச் செய்வது மாய்மாலமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடவுள் மனிதரை நேசிக்கிறாரா என்று நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பதில் ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே உங்களுக்கு மனப்பாடம். தெரிந்த விஷயம் ஏன் தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்று புரிந்துகொள்கிறேன். நான் 30 வருஷத்துக்கு மேல் கிராமத்துச் சபைகளிலும் நகரத்துச் சபைகளிலும் ஆயராக இருந்தவன். ஆற்றுப்படுத்தலில் ஓரளவு பயிற்சி உண்டு, மருத்துவன் இல்லை. இந்தக் கேள்வியோடு என் அறைக்கு வந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். கோயிலுக்கு முதலில் வந்து பாய் விரிக்கிறவர்கள், அசனத்துக்கு விடிய விடியக் காய் நறுக்குகிறவர்கள், வியாதிக்காரர் வீட்டுக்கு எனக்கு முன்பே போய்விடுகிறவர்கள். சபையில் அதிகம் உழைக்கிறவர்களுக்குத்தான் இந்த நோவு அதிகம் இருந்தது.

எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறினபோது, 'இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்' என்ற சத்தம் வானத்திலிருந்து வந்ததாக மத்தேயு எழுதுகிறார். அந்த நேரத்தில் இயேசு ஒரு பிரசங்கம் செய்திருக்கவில்லை, ஒரு குருடனின் கண்ணைத் திறந்திருக்கவில்லை. ஊழியத்தின் கணக்கில் ஒன்றுமே எழுதப்படாத நாள் அது. அன்றைக்குத்தான் 'பிரியமாயிருக்கிறேன்' என்று சொல்லப்பட்டது. உடனே அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் வந்து, 'நீர் தேவனுடைய குமாரனேயானால்' என்று ஆரம்பிக்கிறான். 'நேச' என்ற சொல்லை அவன் வாயில் எடுக்கவில்லை. மகன் என்றால் நிரூபித்துக்காட்டு, கல்லை அப்பமாக்கு என்கிறான். காலை 4 மணிக்கு உங்கள் காதில் கேட்பது இதில் எந்தக் குரல் என்று யோசித்துப் பாருங்கள். யோவான் 17-ல் இயேசு பிதாவிடம் ஜெபிக்கும்போது, நீர் என்னில் அன்பாயிருக்கிறதுபோல இவர்களிலும் அன்பாயிருக்கிறீர் என்கிறார். குமாரனிடம் இருக்கிற அதே அன்பு. நமக்கென்று ஒதுக்கிய மட்டமான இரண்டாம் தரம் ஒன்று இல்லை. கிறிஸ்தவ விசுவாசத்தின் மையம் இது. உங்கள் உணர்வு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து இது ஏறி இறங்காது.

அப்படியானால் 'பெற்றுக்கொள்ளுவது' என்றால் என்ன? இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் மாற்கு 5-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை நாம் சுகமளிக்கும் அற்புதம் என்றே படித்துப் பழகிவிட்டோம். யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவன் வந்து இயேசுவின் காலில் விழுந்து, என் மகள் சாகக்கிடக்கிறாள், வாரும் என்று வேண்டிக்கொள்ளுகிறான். அந்தப் பிள்ளைக்கு 12 வயது. கூட்டம் நெருக்கிக்கொண்டு போகிறது. அந்தக் கூட்டத்துக்குள் 12 வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு பெண் வருகிறாள். அந்தச் சிறுமி உயிரோடிருந்த காலம் முழுவதும் இவள் இரத்தம் சிந்திக்கொண்டிருக்கிறாள். சிறுமிக்காகக் காலில் விழ ஒரு தகப்பன் இருக்கிறான். இவளுக்காகப் பேச யாரும் வந்ததாக மாற்கு எழுதவில்லை. கையிலிருந்த பணமெல்லாம் வைத்தியர்களுக்குப் போய்விட்டது. மோசேயின் சட்டப்படி அவள் தீட்டு. அவள் உட்கார்ந்த இடமும் தீட்டு. அதனால் அவள் முன்னால் வரவில்லை. பின்னால் வந்து, யாருக்கும் தெரியாமல், வஸ்திரத்தைத் தொட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்கிறாள். தொடுகிறாள், உதிரம் நிற்கிறது.

கேட்டது கிடைத்துவிட்டது. அவளை அப்படியே போகவிட்டிருக்கலாம். யவீருவின் வீட்டில் ஒரு பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறது, நேரம் இல்லை. ஆனாலும் இயேசு நின்றுவிடுகிறார். என் வஸ்திரங்களைத் தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்று சீஷர்கள் சொல்லியும் விடாமல், அவளைக் காணும்படி சுற்றிலும் பார்க்கிறார். அவள் பயந்து, நடுங்கி, முன்பாக வந்து விழுந்து, 'உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்' என்று மாற்கு எழுதுகிறார். 12 வருஷத்துக் கதை, சுருக்கமாக முடிந்திருக்காது. யவீரு பக்கத்தில் தவித்துக்கொண்டு நிற்க, அவர் அதை முழுவதும் கேட்கிறார். கேட்டுவிட்டு, 'மகளே' என்கிறார். சுவிசேஷங்களில் இயேசு தனியொரு பெண்ணை நேராகப் பார்த்து 'மகளே' என்று கூப்பிடுவது இவளை மட்டும்தான். எருசலேமின் குமாரத்திகளே என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. தகப்பன் உள்ள மகளுக்காகப் புறப்பட்டுப் போகிற வழியில், பரிந்து பேச ஆளில்லாத இவளுக்கு அந்தப் பெயர் கிடைக்கிறது.

சகோதரி, உங்கள் 4 மணி ஜெபம் பின்னால் வந்து தொடுகிற ஜெபமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் குறை சொல்லவில்லை. அவள் தொட்டதையும் இயேசு விசுவாசம் என்றுதான் சொன்னார். ஆனால் பின்னால் நின்றபடி உதவியை வாங்கிக்கொண்டு போகலாமே தவிர, 'மகளே' என்ற சொல்லைக் கேட்க முன்னால் வரவேண்டியிருந்தது. முன்னால் வந்து அவள் செய்ததெல்லாம் உண்மையையெல்லாம் சொன்னதுதான். தன்னைத் தகுதியாக்கிக்கொள்ளவில்லை, நல்ல வார்த்தை தேடவில்லை, நடுக்கம் நின்றபிறகு வரலாம் என்று காத்திருக்கவும் இல்லை. நடுங்கிக்கொண்டே வந்தாள். பெற்றுக்கொள்ளுதல் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: உள்ளே ஒரு இதமான உணர்வை உண்டாக்குகிற வேலையை விட்டுவிட்டு, இருக்கிறபடியே அவர் முன்னால் வந்து, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, அவர் கூப்பிடுகிற பெயருக்கு மறுப்புச் சொல்லாமல் நிற்பது.

மறுப்புச் சொல்வது நமக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதற்கு லூக்கா 15-ல் இயேசு சொன்ன இரண்டு மகன்களின் கதையைப் பாருங்கள். தகப்பனிடம் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்ட இளையவன் பன்றிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதன் கடைசி வரி, 'உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்' என்பது. வீட்டுக்கு வந்து பேச ஆரம்பிக்கிறான், ஆனால் அந்தக் கடைசி வரியை அவன் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார். வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்தவன் கதை உங்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும். 'இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து' என்று அவன் சொல்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது அடிமை வேலை என்ற பொருளுள்ள சொல். சொந்த வீட்டில், சொந்தத் தகப்பனுக்கு, அடிமையாக உழைத்ததாகத்தான் அவன் கணக்கு வைத்திருக்கிறான். ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லை என்ற அவன் குறையும், சாட்சி நேரத்தில் உங்களுக்கு வருகிற குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தகப்பன் அவனைத் திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். விருந்தை விட்டு வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். 'மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது' என்கிறார். அவன் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லாமலே விட்டுவிட்டார்.

பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண்ணாய்ப் பிறந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள 'புத்திரசுவிகாரம்', அதாவது மகனாகத் தத்தெடுப்பது, என்ற சொல் உங்களுக்கு உறுத்தியிருக்கலாம். இங்கேயும் புத்திரன்தானா என்று கேட்கத் தோன்றும். பவுல் இந்தச் சொல்லை எழுதிய ரோம உலகத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அங்கே பெரிய குடும்பங்களில் தத்தெடுப்பு என்பது பெரும்பாலும் தொட்டில் குழந்தையை எடுத்து வளர்ப்பதாக இருக்கவில்லை; வளர்ந்த ஆண்மகனை வாரிசாக்குவதாக இருந்தது. கி.பி. 4-ல் ரோமப் பேரரசன் அகுஸ்துராயன் திபேரியுவைத் தத்தெடுத்தபோது திபேரியுவுக்கு வயது 44. இயேசு யோர்தானில் இறங்கின காலத்தில் ராயனாக இருந்தது இந்தத் தத்துப்பிள்ளைதான். அவனுடைய வெள்ளிக்காசில் 'தெய்வீக அகுஸ்துவின் மகன்' என்றே பொறித்திருந்தது. எனவே மகனாக ஏற்றுக்கொள்ளப்படுவது என்றால் பெயரும் வீடும் சொத்தும் முழு உரிமையோடு கைக்கு வருவது என்று அந்த ஜனங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அந்த ஆண்வாரிசின் இடத்தைத்தான் பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, 'நீங்களெல்லாரும் தேவனுடைய புத்திரராயிருக்கிறீர்களே' என்று சொல்லி, இரண்டு வசனம் தள்ளி, ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்கிறார். மூன்றாவதாகப் பிறந்த பெண்பிள்ளைக்கும் அந்த வீட்டில் தலைமகனின் பங்கு என்று அர்த்தம். கொரிந்தியருக்கு எழுதும்போது 'குமாரரும் குமாரத்திகளும்' என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். நீங்கள் இந்த வீட்டில் வேறு யாரோ வரவேண்டிய இடத்தில் தவறி வந்தவர் இல்லை.

அடுத்து, 'அப்பா' என்ற சொல். இதில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். இயேசு கெத்செமனேயில் சொன்னதும், ரோமர் 8-லும் கலாத்தியர் 4-லும் பவுல் எழுதுவதும் அரமேயிக் மொழியின் சொல். அது தமிழ் அப்பாவைப் போலவே ஒலிப்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். ஆனால் அது மழலை பேசும் குழந்தையின் சொல் என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்வது அவ்வளவு உறுதியானது இல்லை. ஜெர்மானிய அறிஞர் யோவாகிம் ஜெரெமியாஸ் அந்தக் கருத்தைப் பரப்பினார், பிறகு அவரே கொஞ்சம் பின்வாங்கினார். வளர்ந்தவர்களும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் 1988-ல் எடுத்துக்காட்டினார். எனக்கு இது நஷ்டமாகத் தெரியவில்லை, உங்களுக்கு இது நல்ல செய்தியும்கூட. ஐந்து வயதுப் பிள்ளையின் குதூகலத்தை நீங்கள் வரவழைத்துக்கொள்ளவேண்டியதில்லை. 36 வயதுப் பெண், வயதுக்கேற்ற குரலில், துக்கத்தோடுகூட அந்தச் சொல்லைச் சொல்லலாம். இயேசுவே அதைச் சொன்னது வியாகுலப்பட்ட ஒரு ராத்திரியில்தான். அப்படியும் அந்தச் சொல் தொண்டையில் குத்தினால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தாய் தன் பாலகனை மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று ஏசாயா 49-ல் சொன்னவரும் அவரே. ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் என்றும் அதே புத்தகத்தில் சொல்கிறார். 'இயேசுவே' என்று தொடங்குங்கள். 'என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்' என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் வழியாகப் போனால் வேறு வீட்டுக்குப் போய்ச்சேர மாட்டீர்கள்.

என் விசுவாசம் பொய்யா என்ற கேள்விக்கு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை உதவும். அவர் 1728-லேயே குருப்பட்டம் பெற்றவர். ஆக்ஸ்போர்டில் நண்பர்களோடு சேர்ந்து புதன், வெள்ளி உபவாசம், சிறைச்சாலை ஊழியம் என்று கடுமையாக வாழ்ந்தவர், மிஷனெரியாக அமெரிக்காவின் ஜார்ஜியா வரைக்கும் போய்த் தோற்றுத் திரும்பியவர். 1738 மே 24-ம் தேதி இரவு லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்தில், பவுலின் ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்து என் பாவத்தையும் எடுத்துவிட்டார் என்ற நிச்சயம் வந்து உள்ளம் அனல்கொண்டது என்கிறார். அப்போது அவருக்கு 34 வயது. இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவது வழக்கம். நான் இன்னும் இரண்டு விஷயம் சேர்க்கவேண்டும். அடுத்த ஜனவரியிலேயே, நான் இன்னும் கிறிஸ்தவனே இல்லை என்று அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பல வருஷம் கழித்து, 1738-க்கு முந்தின தன்னைத் திரும்பிப் பார்த்து, அன்றைக்கு எனக்கு இருந்தது மகனின் விசுவாசமாக இல்லாவிட்டாலும் வேலைக்காரனின் விசுவாசம் இருந்தது என்று குறிப்பெழுதினார். வேலைக்காரனின் விசுவாசமும் அவர் கண்ணில் விசுவாசம்தான். அது பொய் இல்லை. வழியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நிச்சயம் எல்லா விசுவாசிக்கும் வந்தாகவேண்டுமா என்பதில் சபைகளுக்குள் ஒருமனம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1547-ல் திரெந்து சங்கத்தில், தான் கிருபை பெற்றிருப்பதாக ஒருவர் தவறவே முடியாத நிச்சயத்தோடு அறிய முடியாது என்று சொன்னது. சீர்திருத்தச் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 1646-ல், நிச்சயம் கிடைக்கும், ஆனால் உண்மையான விசுவாசிகூட அதற்காக நீண்ட நாள் காத்திருந்து போராடவேண்டியிருக்கலாம் என்றது. நான் பார்த்த மனிதர்களை வைத்துச் சொன்னால் இரண்டாவதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. உணர்வு வராததை விசுவாசம் இல்லாததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1773-க்குப் பிறகு, கடவுள் தன்னை ஒதுக்கிவிட்டார் என்ற எண்ணத்திலிருந்து 1800-ல் சாகும்வரை முழுசாக விடுபடவே இல்லை. அவர் எழுதிய ஞானப்பாட்டுகளால் ஆறுதலடைந்த சபைகளுக்குக் கணக்கில்லை. அவருக்கு இருந்தது கடுமையான மனச்சோர்வு நோய் என்று இன்றைக்கு நாம் சொல்வோம். அவிசுவாசம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

இதையொட்டி ஒன்று சொல்லவேண்டும். தகப்பன் எப்படியோ அப்படித்தான் கடவுளும் தெரிவார் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். முழு உண்மை அதுவல்ல. பெற்றோரின் சாயலிலேயே கடவுளைக் காண்கிறவர்களும் உண்டு, பெற்றோரிடம் கிடைக்காததைக் கடவுளிடம் தேடிப் போய்க் கண்டடைகிறவர்களும் உண்டு என்பது மனநல ஆய்வாளர்கள் சொல்வது, நானும் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன். எனவே உங்கள் அப்பா முகங்கொடுக்கவில்லை என்பதால் உங்கள் கதை எழுதி முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். எபிரெயர் 12-ல் ஒரு நேர்மையான வரி இருக்கிறது. நம் சரீரத் தகப்பன்மார் 'தங்களுக்கு நலமென்று தோன்றினபடி' கொஞ்சக்காலம் சிட்சித்தார்கள், இவரோ நம்முடைய பிரயோஜனத்துக்காகச் சிட்சிக்கிறார் என்கிறது. தகப்பன்மார் தவறுவார்கள் என்று வேதமே ஒத்துக்கொள்கிறது. அடித்ததையும் ஒதுக்கினதையும் 'கர்த்தருடைய சிட்சை' என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளவேண்டாம். இன்னொன்று, தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறதா, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? இதில் எது இருந்தாலும் அது என் எல்லைக்கு வெளியே உள்ளது. மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிட்டுப் பேசுங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்கிற ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

சாட்சி நேரத்துத் தயவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விசா கிடைத்ததற்கு நன்றி சொல்வதில் தவறில்லை. விசாவை வைத்துத் தயவை அளக்கத் தொடங்கினால்தான் தவறு. லூக்கா முதல் அதிகாரத்தில் தேவனிடத்தில் கிருபை பெற்றாய் என்று தேவதூதன் ஒரு பெண்ணிடம் சொல்கிறான். அந்த மரியாளுக்கு அடுத்து வந்தது என்ன? கல்யாணத்துக்கு முன் கர்ப்பம், மாட்டுத் தொழுவம், எகிப்துக்கு ஓட்டம், உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும் என்ற சிமியோனின் சொல், கடைசியில் சிலுவையின் அருகே நிற்பது. வேதாகமத்தில் தயவு என்பதற்குப் பக்கத்திலேயே வருகிற சொல் முகம். எண்ணாகமம் 6-ல் ஆரோன் கூறவேண்டிய ஆசீர்வாதத்தில், கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணுவாராக, தம்முடைய முகத்தை உன்மேல் பிரசன்னமாக்குவாராக என்று இரண்டு முறை முகம் வருகிறது. 1979-ல் எருசலேமில் கெத்தேப் இன்னோம் என்ற இடத்துக் கல்லறைக் குகையில் சுருட்டிய இரண்டு சிறு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. விரித்துப் பார்த்தால் இந்த ஆசீர்வாதத்தின் வரிகள். ஏறக்குறைய 2,600 வருஷம் பழையவை. வேதாகம வரிகள் எழுதப்பட்டுக் கிடைத்தவற்றில் இவற்றைவிடப் பழையது இல்லை. நம் ஊரில் தாயத்துக் கட்டுவதுபோல் யாரோ அணிந்திருந்தவை. அந்த மனிதர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளத் தேர்ந்தெடுத்தது சொத்தையோ வெற்றியையோ பற்றிய வரியை அல்ல, கடவுள் நம்மிடம் முகங்கொடுக்கவேண்டும் என்ற வரியை. முகங்கொடுத்துப் பேசவில்லை என்று உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதும் இந்த வரிதான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

சரி, நாளைக் காலையிலிருந்து என்ன செய்வது? நான் பலருக்குச் சொல்லி, சிலருக்குப் பலித்ததைச் சொல்கிறேன். எல்லாருக்கும் பலிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு மாதத்துக்கு வெள்ளிக்கிழமை உபவாசத்தை நிறுத்துங்கள். ஒரு ஆயர் இப்படிச் சொல்வது உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். உபவாசம் நல்லது, நானும் இருக்கிறேன். ஆனால் நிறுத்தினதும் உங்களுக்குள் எழும்புகிற பயம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். 'இனி அவர் கோபப்படுவார்' என்று சொன்னால், இத்தனை நாள் யாருக்காக உபவாசித்தீர்கள் என்பது தெரிந்துவிடும். அந்தப் பயத்தையே அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஜெபத்தில் சொல்லுங்கள். சொல்லும்போது மேடைத் தமிழ் வேண்டாம். 'ஸ்தோத்திரம், துதி, கனம்' என்று அடுக்கவேண்டாம். வீட்டில் அம்மாவிடம் பேசுகிற பேச்சில், எனக்கு உங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, நீங்கள் என் அப்பா மாதிரியே இருப்பீர்கள் என்று தோன்றுகிறது என்று சொல்லுங்கள். முன்னால் வந்து உண்மையையெல்லாம் சொன்னவள் செய்தது இதுதான். சங்கீதங்களில் இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார்கள்.

அப்புறம் பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அதில் 'என் பிதாவே' என்று இல்லை, 'எங்கள் பிதாவே' என்றே இருக்கிறது. உங்களுக்கு வாய் வராத நாளில் பக்கத்தில் நிற்கிறவர்கள் உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மனிதரிடம் வாங்கிக்கொள்ளவும் பழகவேண்டும். யாராவது உங்களைப் பாராட்டினால் உடனே மறுக்கிறீர்களா? ஒருவர் சாப்பாடு கொடுத்துவிட்டால் மறுநாளே பாத்திரத்தை நிரப்பித் திருப்பி அனுப்பிவிடுகிறீர்களா? ஒரு தடவை நன்றி என்று மட்டும் சொல்லி, பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகக் கொடுத்துப் பாருங்கள். கை கூசும். அந்தக் கூச்சம்தான் ஜெபத்திலும் குறுக்கே நிற்கிறது. கடைசியாக ஒன்று. ஆராதனை முடிவில் ஆயர் ஆசீர்வாதம் கூறும்போது நாம் எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தலையை நிமிர்த்தி, கண்ணைத் திறந்தபடி அதைக் கேளுங்கள்.

இனி உங்கள் அப்பா. பாசம் இல்லாமல் செய்வது மாய்மாலமா என்று கேட்டீர்கள். இல்லாத பாசத்தை இருப்பதாகக் காட்டினால்தான் மாய்மாலம். நீங்கள் எதையும் காட்டவில்லை, முகம் துடைக்கிறீர்கள், கஞ்சி ஊட்டுகிறீர்கள். உங்களுக்கு முகங்கொடுக்காத அந்த முகத்தைத் தினமும் அருகில் உட்கார்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது. அது லேசான வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். அவரை மன்னிப்பது ஒரு நாளில் முடிகிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டால் நடந்ததெல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். இனி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம்; வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வேலையை நீங்கள் ஒருவரே சுமப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பிடிக்காத பிள்ளை என்பதாலேயே நல்ல பிள்ளை என்று பேர் வாங்கத் தனியாக இழுத்துப்போட்டுச் செய்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள். உங்கள் அக்காமார் இரண்டு பேரிடமும் பேசி, வாரத்தில் ஒரு நாளாவது முறை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா, அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்று 127-ம் சங்கீதம் சொல்கிறது. அக்கா வருகிற அந்த ஒரு நாள் 4 மணிக்கு அலாரம் வைக்காமல் தூங்குங்கள்.